தவறு நடந்த வகுப்பிலேயே திருத்தமும் நடக்கட்டும்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் ஆசிரியர் குழுவினருக்கும்,

சென்ற வாரம் பெற்றோர் அனைவருக்கும் தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில், வகுப்பு நடக்கும்போது ஆசிரியர் செய்யும் திருத்தத்தை மாணவர்கள் மறுத்துப் பேசக் கூடாது என்றும், ஐயம் இருந்தால் பெற்றோர் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி என் மகளை முன்னிட்டு எழுதப்பட்டது என்பது தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தங்களை இரண்டு முறை நேரில் சந்தித்துப் பேசிய பிறகும் முடிவு மாறவில்லை; அந்த முடிவு இப்போது பள்ளியிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் கட்டுப்படுத்துகிறது. ஆகவேதான் மற்றப் பெற்றோரும் படிக்கும்படி இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். ஆசிரியையின் பெயரையோ பிள்ளைகளின் பெயரையோ நான் குறிப்பிடவில்லை. படிப்பவர்களும் அவற்றைத் தேடிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் ஒரு பயிற்சித்தாள் கொடுக்கப்பட்டது. அதில் ஆறு உருவங்கள் இருந்தன: இரண்டு நீண்ட செவ்வகங்கள், ஒரு சதுரம், ஓர் இணைகரம், ஒரு முக்கோணம், ஒரு வட்டம். செவ்வகங்களுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். என் மகள் இரண்டு நீண்ட செவ்வகங்களோடு சதுரத்துக்கும் நீல வண்ணம் தீட்டினாள். சதுரத்தின் மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுந்தது. அவள் கையைத் தூக்கி, "மிஸ், சதுரத்திலும் நாலு மூலையும் செங்கோணம்தானே, அப்படியானால் அதுவும் செவ்வகம்தானே?" என்று கேட்டாள். ஆசிரியை அதற்கு விடை சொல்லாமல் வகுப்பைப் பார்த்து, சதுரம் செவ்வகம் என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். என் மகளின் கை மட்டுமே மேலே நின்றது. பின்வரிசைப் பையன் ஒருவன் பாதி தூக்கிய கையால் தலையைச் சொறிந்துவிட்டு இறக்கிக்கொண்டான். "எல்லோருக்கும் தெரிந்தது உனக்கு மட்டும் தெரியவில்லை, பார்த்தாயா?" என்று சொல்லிய ஆசிரியை, சதுரத்தின் வண்ணத்தை அழிக்கச் சொன்னதோடு, 'சதுரம் செவ்வகம் அன்று' என்று ஐந்து முறை எழுதவும் சொன்னார்.

பத்து வயதுப் பிள்ளை வீட்டில் வந்து சொல்வதை அப்படியே நம்பி ஓடிவரக் கூடாது என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள் பொய் சொல்வதில்லை என்றாலும், பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தாங்களே நிரப்பிக்கொள்வது உண்டு. அதனால் அன்று மாலை நான் யாரையும் அழைக்கவில்லை. பெற்றோர் குழுவில் எழுதத் தொடங்கிய நான்கு வரிகளையும் அழித்துவிட்டேன். மறுநாள் அதே வகுப்பில் படிக்கும் இன்னொரு பிள்ளையின் தாயிடம், என் மகள் சொன்னதைச் சொல்லாமல், நேற்றுக் கணக்கு வகுப்பில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். அவர் தம் மகனிடம் கேட்டுச் சொன்னது ஒரு சொல்லும் மாறாமல் ஒத்திருந்தது. பிறகு தங்கள் அறையில் நடந்த முதல் சந்திப்பில் ஆசிரியையும் அதை மறுக்கவில்லை. ஆகவே நடந்தது என்ன என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெழுகு வண்ணம் அழிப்பானால் போகாது என்பது பள்ளியில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். அவள் அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கிறாள். நீலம் போகவில்லை, சதுரத்தின் கோடுகளைத் தாண்டி ஒரு மேகம்போல் பரவிவிட்டது. நடுவில் தாள் மெலிந்து, சிவப்புக் குறியின் இரு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு ஓட்டை விழுந்திருக்கிறது. கீழே ஐந்து வரிகள். முதல் வரி அவளுடைய வழக்கமான குண்டெழுத்தில் இருக்கிறது. ஐந்தாவது வரியில் 'அன்று' என்ற சொல் கோட்டைவிட்டு இறங்கியிருக்கிறது. அவள் அந்தத் தாளை என்னிடம் காட்டவில்லை. புத்தகப் பையைத் துவைக்க எடுத்தபோது, எட்டாக மடித்து அடியில் செருகியிருந்ததைக் கண்டேன்.

இனி, பாடத்துக்கு வருகிறேன். நான்கு கோணங்களும் செங்கோணமாக உள்ள நாற்கரம் செவ்வகம். இது என் விளக்கம் அன்று. அந்தப் பயிற்சித்தாளை எந்தப் பாடத்துக்காகக் கொடுத்தீர்களோ, அதே பாடத்தில், இரண்டு பக்கங்களுக்கு முன்னால், கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருக்கும் வரையறை. அதில் நீளமும் அகலமும் வேறுபட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை. சதுரத்தின் நான்கு கோணங்களும் செங்கோணங்கள். ஆகவே சதுரம் ஒரு செவ்வகம். நான்கு பக்கங்களும் சமமாக அமைந்த செவ்வகம். செவ்வகத்துக்குரிய பண்புகள் அனைத்தும் அதற்கு உண்டு: எதிர்ப்பக்கங்கள் இணையாகவும் சமமாகவும் இருக்கும்; மூலைவிட்டங்கள் இரண்டும் சம நீளம் கொண்டவை; அவை ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டும்; நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பளவு கிடைக்கும். நம் மொழியும் இதையே சொல்கிறது. செங்கோணத்தில் உள்ள 'செம்மை'தான் செவ்வகத்திலும் உள்ளது. அந்தப் பெயருக்குள் நீளம் என்ற கருத்தே இல்லை. நீள்சதுரம் என்ற பழைய சொல்லை யாராவது பயன்படுத்தினால் அங்கே சதுரத்தை ஒதுக்கிவைக்கலாம். செவ்வகம் என்ற சொல் அதற்கு இடம் தருவதில்லை.

ஆசிரியைக்கும் நான் நியாயம் செய்ய வேண்டும். சதுரமும் செவ்வகமும் வெவ்வேறு என்ற எண்ணம் அவர் ஒருவரிடம் மட்டும் உள்ள அறியாமை அன்று. சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன் வடிவியலைத் தொகுத்த யூக்ளிடே, சதுரத்தையும் பக்கங்கள் சமமில்லாத செங்கோண நாற்கரத்தையும் தனித்தனி வகைகளாகத்தான் வரையறுத்தார். சதுரத்தையும் உள்ளடக்கிய இன்றைய வரையறை பிற்காலத்தில் நிலைபெற்றது. ஓர் உருவத்துக்கு நிறுவிய உண்மையை அதன் சிறப்பு வகைக்கு மீண்டும் நிறுவ வேண்டியதில்லை என்ற வசதி அதில் இருக்கிறது. நானே பள்ளியில் படித்த காலத்தில் இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் போட்டுத்தான் மனப்பாடம் செய்தேன். ஆகவே ஆசிரியை தவறினார் என்பதற்காக நான் இந்த மடலை எழுதவில்லை. ஒரு நாளில் ஐந்து வகுப்புகள், ஒவ்வொரு வகுப்பிலும் முப்பதுக்கு மேற்பட்ட நோட்டுகள், அவற்றுக்கிடையே வருகைப் பதிவேடும் அலுவலக வேலையும் என்று இருக்கும் ஒருவருடைய சிவப்பு மை எப்போதாவது தவறான இடத்தில் விழத்தான் செய்யும்.

ஆனால் முதல் சந்திப்பில் பாடநூலின் அந்தப் பக்கத்தை நான் திறந்து வைத்தபோது அவர் சொன்ன விடையை என்னால் கடந்து போக முடியவில்லை. "இந்த வயதில் அப்படிச் சொன்னால் குழம்பிவிடுவார்கள், மேல் வகுப்பில் தெரிந்துகொள்வார்கள்" என்றார். ஒன்றை இப்போது சொல்லாமல் பின்னால் சொல்வது கற்பிப்பவரின் உரிமை. அதில் நான் தலையிட மாட்டேன். "நீ சொல்வது சரி, ஆனால் இன்றைக்கு இந்தத் தாளில் நீண்ட உருவங்களை மட்டும் பார்ப்போம்" என்று அவர் சொல்லியிருந்தால் யாருக்கும் எந்தக் குழப்பமும் வந்திருக்காது. இங்கே நடந்தது வேறு. உண்மையைத் தானாகவே கண்டுபிடித்த பிள்ளையிடம் அது பொய் என்று சொல்லப்பட்டது. அந்தப் பொய்யை அவள் கையாலேயே ஐந்து முறை எழுதவும் வைக்கப்பட்டது. மேல் வகுப்புக்குப் போகும்போது அவள் அந்த ஐந்து வரிகளையும் சுமந்துகொண்டுதான் போவாள்.

அன்றைய சந்திப்பின் முடிவில் தாங்கள், மதிப்பெண் சரிசெய்யப்படும் என்றீர்கள். சரிசெய்யப்பட்டது. சிவப்புப் பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு சரிக்குறி, யாருடைய கண்ணிலும் படாத அளவில். ஆசிரியை அவளை இடைவேளையில் தனியாக அழைத்து, "உன் விடையும் சரிதான், ஆனால் இனிமேல் வகுப்பில் இப்படி வாதம் செய்யாதே" என்றிருக்கிறார். இதை வகுப்பின் முன் சொல்லலாமே என்று இரண்டாவது சந்திப்பில் நான் கேட்டேன். அப்படிச் செய்தால் ஆசிரியரின் மதிப்புக் குறையும், நாளைக்கு ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று கேள்வி கேட்கும் என்று தாங்கள் சொன்னீர்கள். அதற்கு அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது.

என் ஆட்சேபம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தவறு வகுப்பின் முன் நடந்தது. கை தூக்கச் சொன்னது வகுப்பின் முன். அழிக்கச் சொன்னது வகுப்பின் முன். திருத்தம் மட்டும் ஏன் தாழ்வாரத்தில், தாழ்ந்த குரலில், பென்சிலில் நடக்க வேண்டும்?

கைகளை எண்ணி உண்மையைத் தீர்மானிப்பது ஒரு பிள்ளைக்கு என்ன செய்யும் என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனை ஆசிரியர் பயிற்சி பெற்ற பலருக்கு நினைவிருக்கும். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மற்ற மூன்றில் எது என்று கேட்டார். தனியாக இருக்கும்போது ஏறத்தாழ யாரும் தவறாத அந்தக் கேள்விக்கு, முன்பே சொல்லிவைக்கப்பட்ட ஒரு குழு கூடித் தவறான விடை சொன்னபோது, சோதனைக்கு உட்பட்டவர்களில் சுமார் முக்கால் பங்கினர் ஒரு முறையாவது குழுவோடு சேர்ந்து தவறான விடையைச் சொன்னார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள். எதிரே இருந்தவர்கள் அவர்களுக்கு அறிமுகமில்லாதவர்கள். இங்கே எதிரே இருந்தவர்களோ அவள் தினமும் சேர்ந்து விளையாடும் தோழர்கள், கேட்டவர் ஆசிரியை, அவளுக்கு வயது பத்து. அதே சோதனையில், குழுவில் இன்னொருவர் மட்டும் சரியான விடையைச் சொன்னால் போதும், தவறான விடையோடு ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. பின்வரிசைப் பையனின் பாதிக் கையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவனும் அன்று ஒன்றைக் கற்றுக்கொண்டான்.

என் மகளுக்கு மதிப்பெண் கிடைத்துவிட்டது, இனி என்ன குறை என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். மதிப்பெண்ணைப் பற்றி நான் பேசவே இல்லை. அந்த வகுப்பில் இன்னும் முப்பது பிள்ளைகளுக்கு மேல், சதுரம் செவ்வகம் அன்று என்ற முடிவோடு இருக்கிறார்கள். அதை மறுத்துச் சொன்ன ஒருத்தி எழுந்து நின்று தண்டனை வாங்கியதைப் பார்த்ததால், மற்றப் பாடங்களைவிட இதை அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் திருத்தம் போய்ச் சேரவில்லை. உறுதியாக நம்பிய விடை தவறு என்று தெரியவரும்போது, அரைகுறையாக நம்பியதைவிட அந்தத் திருத்தம் நன்றாக மனத்தில் தங்குகிறது என்று 2001-ஆம் ஆண்டிலேயே உளவியல் ஆய்வு காட்டியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் அந்த வகுப்புக்கு இந்தப் பாடத்தை மறக்க முடியாதபடி கற்பிக்கும் வாய்ப்பு ஆசிரியையின் கையிலேயே இருந்தது. இன்றும் இருக்கிறது.

இது ஒரே ஒரு நிகழ்ச்சியாக இருந்தால் நான் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். சுற்றறிக்கை வந்த பிறகு மற்றப் பெற்றோர் சிலர் என்னிடம் பேசினார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, பள்ளிக்கு வரும் வழியில் பார்த்ததைப் படமாக வரைந்தது. வீடு, மரம், சூரியன். நீல வானத்தின் மறுபக்கத்தில் வெளிறிய பாதி நிலா. நிலாவை அடித்துவிட்டு, 'பகலில் நிலா வராது' என்று எழுதியிருக்கிறார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாள்களைத் தவிர, மாதத்தின் பெரும்பகுதியில் பகல் வானில் நிலாவைப் பார்க்க முடியும். தேய்பிறையில் காலையிலும் வளர்பிறையில் மாலைக்கு முன்னும் அண்ணாந்து பார்த்தால் போதும். அந்தப் பிள்ளை அண்ணாந்து பார்த்திருக்கிறது. அதன் பிறகு அது வரைந்த எந்தப் படத்திலும் நிலா இல்லை என்றார் அதன் தந்தை. வேறொரு வகுப்பில் பூச்சியம் இரட்டைப்படை எண் என்று சொன்ன பிள்ளையிடம், பூச்சியம் எதிலும் சேராது என்று சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டால் மீதியின்றி வகுபடும் முழு எண் இரட்டைப்படை எண். பூச்சியமும் அப்படியே வகுபடுகிறது. அங்கேயும் யாரும் திரும்பிவந்து திருத்தவில்லை. இந்த மூன்று பிள்ளைகளில் யாரும் துடுக்காகப் பேசவில்லை. ஒருத்தி வரையறையைப் படித்தாள், ஒரு பிள்ளை வானத்தைப் பார்த்தது, ஒரு பிள்ளை வகுத்துப் பார்த்தது. இதற்காகத்தானே நாங்கள் அவர்களைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்?

ஆசிரியரின் மதிப்பைப் பற்றித் தாங்கள் சொன்னதற்கு என் விடை, இதே பள்ளியில் எங்களுக்குக் கிடைத்த அனுபவம். என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவளுடைய வகுப்பாசிரியை, சிலந்தியைப் பூச்சிகளின் பட்டியலில் கரும்பலகையில் எழுதினார். ஒரு பையன், அதற்கு எட்டுக் கால்கள் இருக்கிறதே, பூச்சிக்கு ஆறு என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டான். அவர் அவனை அடக்கவும் இல்லை, உடனே ஒத்துக்கொள்ளவும் இல்லை. "நல்ல கேள்வி, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்றார். மறுநாள் காலையில் வருகை எடுப்பதற்கும் முன்பாக, "நேற்று நான் எழுதியது தவறு, அவன் சொன்னதுதான் சரி" என்று சொல்லி, பட்டியலில் சிலந்தியை அவனையே அடிக்கச் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்த என் மகள் அந்தப் பையனைப் பற்றிப் பேசியதைவிட ஆசிரியையைப் பற்றித்தான் அதிகம் பேசினாள். அந்த ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டில் "மிஸ் சொன்னார்கள்" என்றால் அதற்கு மறுபேச்சு கிடையாது. தவறினால் சொல்லிவிடுவார் என்று தெரிந்தவர் மற்ற நேரத்தில் சொல்வதைப் பிள்ளைகள் முழுமையாக நம்பினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று வம்புக்குக் கேள்வி கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

இப்போது என் மகளின் நிலையைச் சொல்கிறேன். மூன்று வாரங்களாக அவள் கணக்கு வகுப்பில் கை தூக்குவதில்லை. வீட்டுப் பாடத்தில் ஒரு கேள்விக்கு நான் உதவி செய்ய உட்கார்ந்தபோது, "அம்மா, சரியான விடையை எழுதவா, மிஸ்ஸுக்கு வேண்டிய விடையை எழுதவா?" என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்று முடிவு செய்துகொண்டு, எது தேவை என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்ன விடை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

ஆசிரியையைக் குறைத்து அவளிடம் நாங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. முதல் நாளே அவளுடன் உட்கார்ந்து, நீ சொன்னது ஏன் சரி என்பதை வரைந்து காட்டினேன். பெரியவர்களும் தவறுவார்கள், தவறியதால் அவர்கள் கெட்டவர்கள் ஆகிவிட மாட்டார்கள் என்றும் சொன்னேன். கேள்வியை எப்படிக் கேட்பது என்பதையும் இருவரும் பழகிப் பார்த்தோம். "நீங்கள் சொல்வது தப்பு" என்று தொடங்காமல், "புத்தகத்தில் இப்படி இருக்கிறது மிஸ், எனக்கு இது எப்படி என்று புரியவில்லை" என்று தொடங்கலாம். அப்போது கேட்க முடியாவிட்டால் வகுப்பு முடிந்ததும் புத்தகத்தோடு போய்க் கேட்கலாம். இதைச் சொல்லிக்கொடுப்பது பெற்றோரின் பொறுப்பு என்றே நினைக்கிறேன். பிள்ளையின் முன்னால் ஆசிரியரைத் திட்டுவதும், பள்ளி வாசலில் நின்று குரலை உயர்த்துவதும், பெற்றோர் குழுவில் ஆசிரியரின் பெயரைப் போட்டு ஏளனம் செய்வதும் நடக்கின்றன. அவற்றால் காயப்பட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதையும், இந்தச் சுற்றறிக்கைக்குப் பின்னால் அந்த அச்சமும் இருக்கலாம் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிள்ளைகளின் வாயை அடைப்பது மருந்தாகாது.

எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்ற வழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், எனக்கு எழுத நேரம் இருக்கிறது, பாடநூலைப் புரட்டிப் பார்க்கும் அளவுக்குப் படிப்பு இருக்கிறது, தங்கள் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேசும் துணிவும் இருக்கிறது. இவை மூன்றும் எல்லாப் பெற்றோருக்கும் வாய்ப்பதில்லை. இரவு வேலைக்குப் போய்விட்டுக் காலையில் தூங்கும் தந்தையும், பள்ளிப்படியே ஏறாத பாட்டியும் வளர்க்கும் பிள்ளைக்கு, தவறான திருத்தத்தை எதிர்த்துச் சொல்ல இருக்கும் ஒரே இடம் வகுப்பறை, ஒரே ஆயுதம் தூக்கிய கை. சுற்றறிக்கை பறிப்பது அந்தப் பிள்ளையின் கையைத்தான்.

ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது; அந்தக் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிப்பளிக்க வேண்டும் என்கிறது. பள்ளியின் ஒழுங்குமுறை குழந்தையின் மனித மாண்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது 28-ஆம் பிரிவு. நான் வழக்காட வரவில்லை. ஆயினும் ஒரு விதியை எழுதுபவர்கள், தங்களுக்கு மேலே எழுதப்பட்டிருப்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஆகவே நான் கேட்பவை இவை. முதலாவதாக, சுற்றறிக்கையின் அந்த வரியைத் திரும்பப் பெற்று, அதனிடத்தில், பிள்ளைகள் மரியாதையோடு காரணம் கேட்கலாம் என்றும், உடனே விடை சொல்ல இயலாதபோது அடுத்த வகுப்பில் விடை தரப்படும் என்றும் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள்.

இரண்டாவதாக, ஐந்தாம் வகுப்பில், அதே கணக்குப் பாட வேளையில், சதுரமும் ஒரு செவ்வகம் என்பதை ஆசிரியையே வகுப்பு முழுவதற்கும் பாடமாக நடத்தட்டும். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் கோரவில்லை. அவரைத் தலைகுனிய வைப்பதில் எனக்கு எந்த நிறைவும் இல்லை. "அன்று நான் தவறாகச் சொல்லிவிட்டேன், அவள் கேட்டது சரியான கேள்வி" என்ற ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் தனியாக நிற்கக் கூடாது. தலைமையாசிரியர் என்ற முறையில் தாங்கள் அந்த வகுப்பில் உடனிருந்து, இப்படிச் சொல்வது இந்தப் பள்ளியின் வழக்கம் என்று பிள்ளைகளுக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

ஆசிரியர் குழுவினரே, உங்களிடம் தனியாக ஒன்று. ஒரு விடையைத் தவறு என்று குறிக்கும் முன், ஏன் அப்படி எழுதினாய் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுங்கள். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே விடைக்குக் காத்திருப்பதையும், அதை மூன்று நொடிகளாக நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டு தெளிவானதையும் 1970-களிலேயே மேரி பட் ரோ தம் ஆய்வில் கண்டறிந்தார். நான் கேட்பது அந்த மூன்று நொடிகளை. மேலும், பாடம் தொடர்பான எந்த ஐயத்தையும் கைகளை எண்ணித் தீர்க்க வேண்டாம். தவறு என்று கருதும் விடைக்குத் தண்டனையாக எதையும் திரும்பத் திரும்ப எழுதச் சொல்லவும் வேண்டாம்.

மூன்றாவதாக, திருத்தப்பட்ட தாளில் ஐயம் இருந்தால் பிள்ளையே பாடநூலின் பக்க எண்ணைக் குறித்துக் கொடுத்து மறுபரிசீலனை கேட்க ஒரு வழி வேண்டும். அதற்குப் பெற்றோரின் கையெழுத்துக் கட்டாயமாக இருக்கக் கூடாது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் நிலாவுக்கும் பூச்சியத்துக்கும் இந்த வழியிலேயே விடை சொல்லிவிடலாம்.

இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை இந்தப் பருவத் தேர்வு தொடங்கும் முன் எழுத்தில் தெரிவியுங்கள். அலுவலகத்தில் தரும் பிரதியுடன் என் மகளின் அந்தப் பயிற்சித்தாளையும் இணைத்திருக்கிறேன். நகல் எடுத்தால் ஓட்டை தெரியவில்லை என்பதால் மூலத்தாளையே வைத்திருக்கிறேன். அவளிடம் கேட்டுத்தான் வைத்தேன். பார்த்த பிறகு என்னிடம் தர வேண்டாம். அவளிடமே, வகுப்பில் வைத்துத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்